ஒகேனக்கல்: கூட்டம் வருது, ஆனா லாட்ஜ் ரூம் ஏன் காலி? நடக்கிற சுற்றுலா சொல்லும் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு ஒகேனக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றால், ஈரத்துணி மூட்டை, காலி டிபன் கேரியர், தோளில் தூங்கி வழியும் குழந்தை என்று ஊர் திரும்பும் அவசரம்தான் கண்ணில் படும். வந்தோமா, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சோமா, பரிசல் ஏறினோமா, மீன் வறுவல் சாப்பிட்டோமா, கிளம்பினோமா... இங்கு வருகிற பெரும்பாலானவர்களின் டைம்டேபிள் இவ்வளவுதான்.

இருட்டுவதற்குள் ஊர் காலியாகிவிடும். மறுநாள் திங்கட்கிழமை. சின்ன லாட்ஜ் ஒன்றின் ரிசப்ஷனில் இருக்கும் சாவிப் பலகையைப் பார்த்தால் பாதிக்கு மேல் சாவிகள் அப்படியே தொங்கும்.

தமிழ்நாட்டின் பிரபலமான அருவி ஒன்றின் வாசலில் கடை விரித்தும் ரூம் நிரம்பவில்லை என்றால், குறை லாட்ஜ் நடத்துபவரிடமா, ஊரின் அமைப்பிலா? சுற்றுலாத் துறை ஆய்வுகளில் இப்போது அதிகம் பேசப்படும் இரண்டு விஷயங்கள் இங்கே உதவும். ஒன்று, சின்ன ஹோட்டலின் வரவு செலவை எப்படி அளப்பது என்பது. இன்னொன்று, காரை நிறுத்திவிட்டு நடந்தே சுற்றக்கூடிய ஊர் என்கிற யோசனை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒகேனக்கல்லுக்கு ஒரு வழி தெரிகிறது.

முதலில், ஊர் எப்படி இருக்கு?

தருமபுரியிலிருந்து சுமார் 46 கி.மீ. பென்னாகரம் தாண்டியதும் காட்டு வழியாக இறங்கும் மலைப்பாதை. கீழே காவிரி. அக்கரையில் கர்நாடகம். 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. 'கல்' நமக்கும் கல்தான். பாறையில் விழும் தண்ணீர் புகையாக எழும்புவதால் இந்தப் பெயர்.

மெயின் அருவி, சினி அருவி, தொங்கு பாலம், பரிசல் துறை, மீன் கடைகள், முதலைகள் மறுவாழ்வு மையம் எல்லாம் ஒரே ஆற்றங்கரையை ஒட்டியவை. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முக்கியமான இடங்களுக்கு நடந்தே போய்விடலாம். காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் என்பதால் இந்த நெருக்கம் இயற்கையாகவே அமைந்தது. யாரும் திட்டம் போட்டு வரவைத்தது இல்லை.

இங்கே பிழைப்பவர்களும் கிட்டத்தட்ட எல்லாருமே நடந்து வருகிறவரை நம்பித்தான் இருக்கிறார்கள். பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் மசாஜ் செய்பவர், மீன் விற்பவர், நாம் வாங்கிக் கொடுக்கும் மீனைக் குழம்பாகவும் வறுவலாகவும் சமைத்துத் தரும் பெண்கள். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் இவர்கள் யாருக்கும் வியாபாரம் இல்லை.

லாட்ஜ் கணக்கை எப்படிப் பார்ப்பது?

"சனி, ஞாயிறு ஃபுல்லுங்க" என்று ஒரு லாட்ஜ்காரர் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஹோட்டல் தொழிலில் உண்மையைச் சொல்லும் எண் வேறு. மொத்த ரூம் வருமானத்தை, விற்றது விற்காதது எல்லாம் சேர்த்து, இருக்கும் அத்தனை ரூமாலும் வகுத்தால் வரும் தொகை அது. ஹோட்டல்காரர்கள் இதை 'ரெவ்பார்' என்பார்கள். காலியாகக் கிடக்கும் ரூமும் கணக்கில் வந்துவிடுவதால் இதில் ஏமாற்ற முடியாது.

ஓர் உதாரணக் கணக்கு. 15 ரூம் உள்ள லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி, சனி இரவுகளில் முழுசாக நிரம்புகிறது, வாடகை ரூ.2,000. மற்ற 5 இரவுகளில் தலா 3 ரூம் மட்டும் போகிறது, வாடகை ரூ.1,200.

- வார இறுதி வருமானம்: 30 ரூம் x ரூ.2,000 = ரூ.60,000
- மற்ற நாட்கள்: 15 ரூம் x ரூ.1,200 = ரூ.18,000
- மொத்தம்: ரூ.78,000

வாரத்துக்கு 105 ரூம் இரவுகள் விற்பனைக்கு இருந்தன. போனது 45. அதாவது 43 சதவீதம்தான். ரூ.78,000-ஐ 105-ஆல் வகுத்தால் ரெவ்பார் ரூ.743. வாசல் போர்டில் 2,000 என்று எழுதியிருந்தாலும், ஒரு ரூம் ஒரு நாளைக்குச் சராசரியாகச் சம்பாதிப்பது இந்த 743 தான். கரண்ட் பில், சம்பளம், வங்கி வட்டி, பெட்ஷீட் சலவை, ஆன்லைன் புக்கிங் தளத்தின் கமிஷன் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இதை எப்படி ஏற்றுவது? வார இறுதி வாடகையை 10 சதவீதம் கூட்டினால் வாரத்துக்கு ரூ.6,000 கூடும். ஆனால் வருகிற குடும்பம் "இதுக்கு ராத்திரியே ஊருக்குப் போயிடலாம்" என்று கிளம்பிவிடும் ஆபத்தும் கூடவே வரும்.

இன்னொரு வழி. சனிக்கிழமை தங்கும் 15 ரூம்காரர்களில் 5 பேர் மட்டும் ஞாயிறு இரவும் தங்கினால்? 5 x ரூ.1,200. அதே ரூ.6,000! வாடகையை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. புது வாடிக்கையாளரைத் தேடவில்லை. அவருக்கான கமிஷனும் இல்லை. அந்த 5 குடும்பமும் திங்கள் காலையில் இட்லி சாப்பிடும், இன்னொரு முறை குளிக்கும், ஊருக்கு வாங்கிப் போக எதையாவது பார்க்கும். லாட்ஜுக்குக் கிடைக்கும் 6,000-க்கு வெளியே, பஜாருக்கும் ஒரு பங்கு போகும்.

ஆக, சின்ன ஹோட்டலின் பிரச்சினை 'எத்தனை பேர் வர்றாங்க' என்பதைவிட 'எவ்வளவு நேரம் இருக்காங்க' என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

சரி, இதுக்கும் நடக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

பெரிய ரிசார்ட்டுக்குள் நீச்சல் குளம், ரெஸ்டாரன்ட், குழந்தைகள் விளையாட இடம் எல்லாம் இருக்கும். மழை பெய்தாலும் விருந்தாளி வெளியே வராமல் இரண்டு நாளை ஓட்டிவிடலாம். 15 ரூம் லாட்ஜில் என்ன இருக்கும்? ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு கெய்சர். அதற்கு நீச்சல் குளம் ஆறுதான். ரெஸ்டாரன்ட் என்பது பஜார். உலாவும் தோட்டம் தெருதான்.

அதனால்தான் நடக்க வசதியான ஊர் பெரிய ஹோட்டலைவிடச் சின்ன ஹோட்டலுக்கு அதிகம் கைகொடுக்கும். ஊர் நன்றாக இருந்தால் ரூம் சுமாராக இருந்தாலும் ஆள் தங்குவார். வாசலில் கால் வைத்ததும் ஹாரன், தூசு, சாக்கடை என்றால், ஏசி ரூம் போட்டாலும் ஒரு இரவோடு சரி.

உலகம் முழுக்க ஹோட்டல் வாடகை பற்றி வந்த ஆய்வுகள் பலவற்றில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் காரணி இருப்பிடம். பார்க்க வேண்டிய இடங்களுக்கு எவ்வளவு பக்கம், சுற்றிலும் என்னென்ன இருக்கிறது என்பது வாடகையைத் தீர்மானிக்கிறது. புக்கிங் தளங்களில் விருந்தினர்கள் 'இருப்பிடம்' என்று தனியாக மதிப்பெண் போடுவதும் அதனால்தான்.

'நடக்க முடியும்' என்பதையே எண்ணாக மாற்றும் முயற்சிகளும் உண்டு. அமெரிக்காவில் 2007-ல் தொடங்கிய 'வாக் ஸ்கோர்' ஓர் இடத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. கடை, பள்ளி, பூங்கா, உணவகம் போன்றவை 5 நிமிட நடை தூரத்தில் இருந்தால் முழுப் புள்ளி; 30 நிமிடத்துக்கு மேல் என்றால் பூஜ்யம்.

இந்த அளவுகோலை அப்படியே ஒகேனக்கல்லில் வைத்தால் ஊர் பாஸாகிவிடும். தூரம் குறைவு. ஆனால் தூரம் மட்டும் போதாது என்பது மே மாதம் மதியம் 2 மணிக்கு வெறுங்காலோடு பாறையில் நடந்தவருக்குத் தெரியும். நம் ஊரில் நடை என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நிழல் இருக்கா? உட்கார ஓர் இடம் இருக்கா? பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்கா? ராத்திரி விளக்கு எரியுதா? கைக்குழந்தையோடும், முட்டி வலிக்கும் பாட்டியோடும் போக முடியுமா? பாறையில் உடைந்த பாட்டில் கிடக்குதா?

ஓர் எச்சரிக்கையும் தேவை. நடக்க வசதியான ஊர்களில் ஹோட்டல் நன்றாக ஓடுகிறது என்றால், நடைதான் காரணம் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அந்த ஊர்கள் ஏற்கெனவே அழகான, பழமையான, பேர்பெற்ற ஊர்களாக இருக்கலாம். நடைபாதை போட்ட மறுநாளே ரூம் நிரம்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆள் தங்குவதற்கான காரணங்களில் நடையும் ஒன்று. அதேசமயம், ஓர் அரசு நிர்வாகத்தால் சரிசெய்யக்கூடிய காரணம் அது. அருவியை யாரும் பெரிதாக்க முடியாது. நிழலைக் கூட்ட முடியும்.

தண்ணி வந்தாலும் கஷ்டம், வராட்டியும் கஷ்டம்

ஒகேனக்கல் லாட்ஜ்களுக்கு மற்ற சுற்றுலாத் தலங்களுக்கு இல்லாத ஒரு தலைவலி உண்டு. ஊரின் ஒரே பெரிய ஈர்ப்பு காவிரி. அந்தக் காவிரியின் அளவு இந்த ஊர் கையில் இல்லை. கர்நாடகத்தில் பெய்யும் மழையும் அங்கே அணைகளில் திறக்கும் தண்ணீருமே தீர்மானிக்கின்றன. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வளத் துறை அளக்கும் எண் ஏறினால், அடுத்து வரும் செய்தி எல்லாருக்கும் மனப்பாடம்: 'அருவிகளில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை'.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் நீர்வரத்து சில நூறு கன அடியாகச் சுருங்கி, பாறை மட்டும் தெரிந்தது. ஜூலை கடைசியில் அதே ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் பாய்ந்தது. ஒரே வருடத்தில் இரண்டு பக்கமும் அடி. அதுவும் வெள்ளம் வருவது பெரும்பாலும் ஆடிப்பெருக்கை ஒட்டி. ஊரில் கூட்டம் அலைமோத வேண்டிய நேரம்.

தடை தவறு இல்லை. உயிர் போனால் திரும்பாது. ஆனால் தடையின் விலையை யார் தருகிறார் என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன 15 ரூம் லாட்ஜ் வருடத்தில் 8 வாரம் வியாபாரம் இல்லாமல் போனால், இழப்பு ரூ.6.24 லட்சம். வருட வருமானத்தில் கிட்டத்தட்ட 15 சதவீதம். லாட்ஜ்காரராவது வங்கிக்குப் போய் நிற்கலாம். பரிசல் ஓட்டுபவருக்கும் மசாஜ் தொழிலாளிக்கும் தடை என்றால் அன்றைக்குக் கூலியே கிடையாது.

இங்கேதான் நடை மறுபடி வருகிறது. குளிப்பதும் பரிசலும் மட்டுமே ஊரின் சரக்கு என்றால், தடை வந்த நாளில் மொத்த ஊருக்கும் ஷட்டர். பாதுகாப்பான தூரத்தில் நின்று வெள்ளத்தைப் பார்க்க ஓர் இடம், நிழலான ஆற்றங்கரை நடை, முதலை மையம், நல்ல சாப்பாடு என்று வேறு காரணங்களும் இருந்தால், ஷட்டர் பாதியாவது திறந்திருக்கும். கரைபுரண்டு ஓடும் காவிரியைப் பார்க்கவே ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களை மாவட்ட எல்லையிலேயே திருப்பி அனுப்பாமல், பத்திரமாக நின்று பார்க்க வைப்பது நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனம்.

இன்னும் நாலு ஹோட்டல் கட்டினா சரியாகிடாதா?

ஆகாது. இடம் இல்லை என்பது முதல் காரணம். ஊரைச் சுற்றி இருப்பது காப்புக் காடு. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கி.மீ. வனப்பகுதி 'காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம்' என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 17-வது வன உயிரின சரணாலயம் இது. பென்னாகரத்திலிருந்து வரும் சாலையே யானை கடக்கும் சாலைதான். நடக்கிற சுற்றுலா என்றால் காட்டுக்குள் இஷ்டத்துக்கு நடப்பது என்று அர்த்தம் இல்லை. ஊருக்குள் நடை, காட்டுக்குள் வனத்துறை அனுமதிக்கும் இடம் மட்டும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஜப்பான் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013-ல் திறக்கப்பட்டது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். இரண்டு மாவட்டம் குடிக்கும் தண்ணீர் எடுக்கப்படுவது இந்த ஊரில்தான். கீழே மேட்டூர் அணை. ஒவ்வொரு புது ரூமும் ஒரு புது கழிப்பறை. அதன் கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ரூம் கூட்டுவது, குடிக்கிற குடத்திலேயே கை கழுவுகிற மாதிரி.

'நீடித்த சுற்றுலா' என்பதற்கு ஐ.நா. சுற்றுலா அமைப்பு சொல்லும் விளக்கமும் இதுதான்: இன்றைக்கும் நாளைக்கும் ஏற்படும் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் விளைவுகளைச் சேர்த்தே கணக்கில் எடுக்கும் சுற்றுலா. ஒகேனக்கல் பாஷையில் சொன்னால், லாட்ஜ்காரர் பிழைக்கணும், பரிசல்காரர் பிழைக்கணும், ஆறும் பிழைக்கணும். ரூம் எண்ணிக்கையைக் கூட்டாமல், இருக்கும் ரூம் நிரம்பும் இரவுகளைக் கூட்டுவதுதான் மூன்றுக்கும் பொருந்தும் ஒரே வழி.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

மாத்தேரான்: மகாராஷ்டிர மலைவாசத் தலம். ஊருக்குள் கார், பைக் கிடையாது. தஸ்தூரியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோ, குதிரையிலோ, பொம்மை ரயிலிலோ போகலாம். கார் வராததே அந்த ஊரின் விளம்பரம். ஆனால் அங்கேயே ஒரு பாடமும் இருக்கிறது. கார் வராத ஊரில் மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா தொடர்ந்தது. அதை 6 மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நடக்கும் ஊர் என்றாலே நியாயமான ஊர் ஆகிவிடாது. உழைப்பவருக்கு மாற்று வழி இருக்கிறதா என்று சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரு மலைக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்பதை எண்ணத் தொடங்கினார்கள் என்பது முக்கியம்.

புதுச்சேரி: கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வண்டிக்குத் தடை. அந்த நேரத்தில்தான் அந்தச் சாலையில் குடும்பங்களும் கூட்டமும் வியாபாரமும். நாள் முழுக்க மூடத் தேவையில்லை, சரியான நேரத்தில் மூடினால் போதும் என்பதற்கு நல்ல உதாரணம்.

குமரகம்: கேரளத்தில் 2008-ல் தொடங்கிய 'பொறுப்புச் சுற்றுலா' முயற்சியில், ஹோட்டல்கள் காய்கறி, மீன், முட்டையை உள்ளூர் பெண்கள் குழுக்களிடமும் விவசாயிகளிடமும் வாங்கும் ஏற்பாடு நடந்தது. சுற்றுலாப் பயணியின் காசு ஊரிலேயே தங்கியது.

ஒகேனக்கல்லில் என்ன செய்யலாம்?

1. கணக்கெடுப்பு. முதல் வேலை இதுதான், செலவும் குறைவு. தினமும் எத்தனை வண்டி, எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இரவு தங்கினார்கள் என்று மாதாமாதம் மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். லாட்ஜ்கள் பெயர் சொல்லாமல் நிரம்பிய ரூம் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் போதும். அளக்காமல் போடும் திட்டம் எல்லாம் கல்வெட்டுக்குத்தான் உதவும்.

2. வண்டி முகப்பில், ஆள் உள்ளே. சனி, ஞாயிறு, ஆடிப்பெருக்கு, பொங்கல் விடுமுறை நாட்களில் மட்டுமாவது வண்டிகளை ஊர் முகப்பிலேயே நிறுத்தி, அங்கிருந்து நிழலான நடைபாதையும், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு பேட்டரி வண்டியும் விடலாம். பேட்டரி வண்டி ஓட்டும் வேலை உள்ளூர் ஆட்டோக்காரர்களுக்கே போக வேண்டும். பார்க்கிங் கட்டணத்தில் ஒரு பங்கைக் கழிப்பறைச் சுத்தத்துக்கென்றே ஒதுக்க வேண்டும்.

3. இரண்டாவது நாளுக்கு ஒரு காரணம். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய சுவரோவியங்கள், 1925-ல் சுப்பிரமணிய சிவா காலமான பாப்பாரப்பட்டியில் அவர் நினைவிடம், தருமபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்கள், அரூர் பக்கம் தீர்த்தமலை. இவற்றுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஒரு சுற்றுப் பேருந்து வார இறுதியில் ஓடினால், காரில்லாத குடும்பத்துக்கும் "இன்னொரு நாள் இருந்துட்டுப் போலாம்" என்று தோன்றும்.

4. உள்ளூர் தட்டு. பாலக்கோடு தக்காளிக்குப் பேர்போன மாவட்டம் இது. கேழ்வரகும் சாமையும் விளையும் மண். 2023-ல் ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது நீலகிரியோடு தருமபுரியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஒகேனக்கல்லில் தங்குபவருக்குக் காலையில் கிடைப்பது எந்த ஊரிலும் கிடைக்கும் பூரிதான். களியும் மீன் குழம்பும் சமைத்துத் தரும் பெண்களோடு லாட்ஜ்கள் ஒப்பந்தம் போட்டால், கிச்சன் கட்டாமலேயே சாப்பாடு தயார்.

5. பாட்டில் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இரண்டு மாவட்டத்துக்குக் குடிநீர் தரும் ஊரில், நடைபாதை நெடுக நல்ல குடிநீர்க் குழாய் இருக்க வேண்டியது குறைந்தபட்ச நியாயம். மதுபாட்டிலுக்கு ரூ.10 கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை நீலகிரியில் 2022-ல் தொடங்கியது. வெறுங்காலோடு நடக்கும் ஆற்றங்கரைக்கு அதைவிடத் தேவையான திட்டம் இல்லை.

6. தடை நாள் திட்டம். நீர்வரத்து எவ்வளவு ஆனால் எது மூடும், எது திறந்திருக்கும் என்று முன்கூட்டியே அட்டவணை வெளியிட வேண்டும். முன்பதிவு செய்தவருக்கு லாட்ஜ்கள் பணத்தைத் தராவிட்டாலும், வேறு தேதிக்கு மாற்றித் தரலாம். தடை நீண்டால் பரிசல் ஓட்டுபவர்களுக்கு, மீனவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் தருவது போன்ற ஒரு நிவாரணத்தை அரசு யோசிக்க வேண்டும்.

லாட்ஜ்காரர்களும் சும்மா இருக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரையிலான ரூம்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ரூ.2,000 ரூமுக்கு வரி 240-லிருந்து 100. உள்ளீட்டு வரியைக் கழிக்கும் சலுகை போனாலும், வாடிக்கையாளருக்கு 140 ரூபாய் மிச்சம். இரண்டாவது இரவுக்கு ஒரு சின்னத் தள்ளுபடியை இதோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம். சுத்தமான பாத்ரூம், ஒழுங்கான பெட்ஷீட், போனை எடுத்துப் பதில் சொல்லும் ஆள் ஆகிய மூன்றும் இருந்தாலே ரிவியூ மாறும்.

எதிர்க்கேள்விகளும் நியாயமானவை

'கார் உள்ளே வராட்டி கூட்டம் குறையும்' என்பது முதல் பயம். முதல் சில வாரம் முணுமுணுப்பு இருக்கும். சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் திறந்தபோதும் இதே பேச்சுதான். அதனால்தான் ஒரே அடியாக மூடாமல், வார இறுதிச் சோதனையாக ஆரம்பித்து, எண்களைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

'தங்குபவருக்கு மட்டும் மரியாதையா?' என்பது இன்னும் முக்கியமான கேள்வி. சோற்று மூட்டையோடு அரசுப் பஸ்ஸில் வந்து, குளித்துவிட்டு மாலையே திரும்பும் குடும்பத்துக்கும் காவிரி சொந்தம். ரூம் எடுக்கக் காசில்லாதவரை ஓரங்கட்டி ஊரைப் பளபளப்பாக்கினால் அது சுற்றுலா வளர்ச்சி ஆகாது. நிழலும் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாக இருந்தால், அதிகம் பயன் அடைவது அந்தக் குடும்பம்தான். காரில் வருபவருக்கு ஏசி இருக்கிறது. நடந்து வருபவருக்கு மரம்தான் ஏசி.

'வாடகை ஏறிடாதா?' ஏறலாம். உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சின்ன லாட்ஜ்களை வெளியூர் பணம் வாங்கிப்போடும் நாளும் வரலாம். அதற்கு எதிராக உள்ளூர்க்காரர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். 2025 பட்ஜெட்டில் வீட்டுத் தங்கல் நடத்துபவர்களுக்கு முத்ரா கடன் என்று அறிவித்தார்கள். வீட்டில் ஒன்றிரண்டு அறையை ஒதுக்கி விடக்கூடிய பென்னாகரம் பகுதிக் குடும்பங்களுக்கு அந்தக் கடன் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

தருமபுரி தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டம் இல்லை. வேலை தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் இளைஞர்களின் மாவட்டம். அவர்களில் சிலரையாவது சொந்த ஊரிலேயே நிறுத்தக்கூடிய தொழில் சுற்றுலா. அதற்கு கண்ணாடிப் பாலமோ ஐந்து நட்சத்திர ஹோட்டலோ தேவை இல்லை. ஞாயிறு மாலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொரு மூன்று குடும்பத்திலும் ஒன்று "நாளைக்குக் காலைல கிளம்பலாமே" என்று முடிவு செய்தால் போதும். திங்கட்கிழமை சாவிப் பலகையில் தொங்கும் 12 சாவி 7 ஆகக் குறையும்.